குரல் கலைஞராக விரும்பும் மகன்: லண்டன் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

ஏ லெவல் என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்ததும் குரல் கலைஞராகவும் தொலைக்காட்சித் தயாரிப்பாளராகவும் ஆகப்போவதாக மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான், மூன்று வாரமாகத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது மனம் கனத்தது. அவனைத் தடுக்காதீர்கள். ஆனால் எந்த வாசல் வழியாக நுழைகிறான் என்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் வாழும் நாட்டிலேயே ஆலிவர் போஸ்ட்கேட் என்றொருவர் இருந்தார். அவருடைய 'பேக்பஸ்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடர் 1974இல் ஒளிபரப்பானது. மொத்தமே 13 பகுதிகள். கால் நூற்றாண்டு கழித்து, 1999இல், பிபிசியின் குழந்தைகள் நிகழ்ச்சிகளிலேயே மக்களுக்கு மிகவும் பிடித்தது எது என்ற வாக்கெடுப்பில் அதுதான் முதலிடம் பெற்றது. அந்தத் தொடரின் கதகதப்பான கதைசொல்லி அவரே.

குரலை நம்பி அவர் இந்தத் துறைக்கு வரவில்லை. நடிப்புப் பயின்றார், பண்ணையில் உழைத்தார், பல தொழில்களில் கைவைத்துப் பார்த்தார். 1957இல் ஒரு தனியார் தொலைக்காட்சி நிறுவனத்தில் அரங்க மேலாளராகச் சேர்ந்தபோது வயது 32. அங்கே ஓர் எலியின் கதையை, படத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்தி நேரலையாகக் காட்டினார்கள். காந்தம் மக்கர் செய்யும். இதைவிட நன்றாகச் செய்யலாமே என்று படங்களைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடிக்கும் மேசையை வீட்டிலேயே அமைத்துக்கொண்டார். பிறகு ஓவியர் பீட்டர் ஃபர்மினோடு கூட்டுச் சேர்ந்தார். கேன்டர்பரி அருகே, ஃபர்மின் வீட்டுப் பழைய மாட்டுக்கொட்டில்தான் அவர்களுடைய ஸ்டூடியோ. ஃபர்மின் வரைந்தார், பொம்மை செய்தார். போஸ்ட்கேட் எழுதினார், பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்தார், பெரும்பாலான குரல்களையும் கொடுத்தார்.

1969இல் வந்த அவர்களுடைய 'கிளேங்கர்ஸ்' தொடரை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். நிலவு போன்றதொரு கோளில் வாழும் கம்பளிப் பிராணிகள். பேச்சு முழுவதும் விசில். தண்டை இழுத்தும் தள்ளியும் ஊதுகிற விசில் அது. ஆனாலும் ஒவ்வொரு வசனத்தையும் ஆங்கிலத்தில் முழுமையாக எழுதிய பிறகே ஊதினார்கள். கதவு சிக்கிக்கொள்ளும் ஒரு காட்சியில் லேசான வசைச்சொல் எழுதப்பட்டிருந்தது. காதில் விழப்போவது விசில்தான் என்றாலும் பிபிசி அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது! சொல்லின்றியே பொருள் புரியும் அளவுக்கு அந்த ஊதலில் ஏற்ற இறக்கம் இருந்தது. உங்கள் மகன் கற்க வேண்டியது இதைத்தான். பிறர் குரலை அச்சாகப் பேசிக்காட்டுவது வீட்டு விழாவுக்குப் போதும், தொழிலுக்குப் போதாது.

வருமானத்தையும் மறைக்க மாட்டேன். குரல் வேலைக்கு மாதச் சம்பளம் கிடையாது. வாய்ப்பு வந்தால் பணம், வராத மாதம் கையைப் பிசைய வேண்டியதுதான். அதனால் ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, அரங்க நிர்வாகம் இவற்றில் ஒன்றையாவது அவன் தொழிலாகப் பழகட்டும். சம்பளத்தோடு பயிற்சி தரும் திட்டங்கள் பிபிசியிலேயே இருக்கின்றன. முதலில் அவற்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பட்டப்படிப்பை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அடுத்த சந்திப்புக்கு அவனே எழுதி, பேசி, ஒலிப்பதிவு செய்து, வெட்டி ஒட்டிய இரண்டு நிமிடக் கதை ஒன்றைக் கொண்டுவரட்டும். நீங்களும் கூட வாருங்கள், மூவரும் சேர்ந்து கேட்போம்.