தெருவில் வளரும் பிள்ளைகள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

சென்னையில் தெருப் பிள்ளைகளோடு சில காலம் வேலை பார்த்தவள். இப்போது சிங்கப்பூரில் சமூக ஊழியர். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தவர்கள் கேட்டவை இவை. கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் இருக்கும் சிங்கப்பூர் வட்டாரத்தைப் போட்டிருக்கிறேன்.

தெம்பனிஸ்: அக்கா, சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரு பையனுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். பிரியாணி, சினிமா என்று அன்றைக்கே தீர்த்துவிட்டான். சேர்த்து வைக்கத் தெரியாதா இவர்களுக்கு?

எங்கே வைப்பான்? பணத்தோடு பிளாட்பாரத்தில் படுத்தால் விடிவதற்குள் பெரிய பையன்கள் சட்டைப் பையைக் கிழித்து எடுத்துப் போயிருப்பார்கள். எதிர்த்தால் அடி. அதனால் கையில் இருப்பதை இருட்டுவதற்குள் வயிற்றில் போட்டுக்கொள்கிறான். இதை ஊதாரித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாலும் இதே கதைதான். டெல்லியில் பட்டர்ஃப்ளைஸ் அமைப்பு இந்தப் பிள்ளைகளுக்காகவே ஒரு சேமிப்பு வங்கி நடத்தியது. கவுண்டரில் உட்கார்ந்து கணக்கு எழுதியதும் அவர்களே. பத்திரமான இடம் கிடைத்ததும் சேர்க்கத் தொடங்கினார்கள்.

உட்லண்ட்ஸ்: சிலர் துணியை மூக்கில் வைத்துக்கொண்டே திரிகிறார்களே?

போதைக்காக முகர்கிறார்கள். எழுத்தை அழிக்கும் வொயிட்னர், இல்லாவிட்டால் பஞ்சர் ஒட்டும் பசை. பசி தெரியாது, பயமும் தெரியாது. மூளைக்கும் இதயத்துக்கும் கேடு. திட்டிப் பயனில்லை, சாப்பாடும் தூங்க இடமும் கொடுத்த பிறகுதான் பேச்சு.

ஈசூன்: பிடித்து வீட்டில் விட்டுவிடலாமே?

எதற்காக ஓடிவந்தான் என்று கேட்காமலா? அடி தாங்காமல் வந்தவன் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவான். இந்தியச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் அவனை நிறுத்த வேண்டும். வீடா, குழந்தைகள் இல்லமா என்பதை அவர்கள் முடிவுசெய்வார்கள். அப்புறம், எல்லோரும் ஓடிவந்தவர்கள் இல்லை. பாரிமுனைப் பக்கம் நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் உண்டு. அவர்களை எந்த வீட்டுக்கு அனுப்புவது?

தேக்கா: நம்ம சிங்கப்பூரில் இந்தப் பிரச்சினை இல்லைதானே?

பிள்ளைகளைத் தெருவில் பார்க்கமாட்டீர்கள். 2019இல் வெளியான முதல் நாடளாவிய கணக்கெடுப்பில் வெளியே தூங்குவோர் சுமார் 1,000 பேர். பெரும்பாலும் வயதான ஆண்கள். பெற்றோரின் மணமுறிவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கைவிட்டுப் போய், பாட்டி வீட்டு ஹாலில் ஒரு மெத்தை, பையில் பள்ளிச் சீருடை என்று வாழும் பிள்ளை அந்தக் கணக்கில் வராது. அப்படி ஒரு குடும்பம் தெரிந்தால் அரசு உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000, அல்லது பக்கத்துக் குடும்பச் சேவை நிலையம்.

அதே தெம்பனிஸ்: சரிக்கா, அடுத்த முறை ஊரில் நான் என்ன செய்யட்டும்?

குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. எந்த பிளாட்பாரம், என்ன நிறச் சட்டை என்று சொல்லுங்கள். பசி என்றால் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் மட்டும் போடாதீர்கள்.