மேக்ரோ லென்ஸ் வாங்கினா பூச்சியும் பூவும் மட்டும்தான் எடுக்கலாமா?

ஒரு லென்ஸுக்குத்தான் காசு இருக்கு, சின்னப் பொருளைக் கிட்டப் போய்ப் பெரிசா எடுக்கிற மேக்ரோவில ஆசை, ஆனா பூச்சி பூவோட அது முடங்கிப் போயிடுமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். முடங்காது. நான் கொழும்பில வெள்ளவத்தையில இருக்கிறன், ஆறு வருசமா என்ர கிராப் பொடியில (சென்சர் சின்னனா இருக்கிற கமரா) கூடுதலா மாட்டிக் கிடக்கிறது கெனன் 100 எம்எம் எஃப்2.8 எல் மேக்ரோதான், எடுத்த படங்களில பூச்சி கால்வாசி கூட வராது.

மேக்ரோ எண்டு சொன்னாலும் அது ஒரு 100 எம்எம் லென்ஸ்தானே. தூரத்தில நிக்கிற கப்பலையும் எடுக்கும், முன்னால இருக்கிற ஆளையும் எடுக்கும். மற்ற 100 எம்எம் லென்ஸுகள் ஒரு மீட்டர் அளவில போகஸ் பிடிக்காம நிண்டுடும், இது 30 சென்ரிமீட்டர் வரைக்கும் விடும். அதுவும் சென்சரில இருந்து அளக்கிறது, லென்ஸ் நுனிக்கும் பொருளுக்கும் இடையில ஒரு சாண் கூட இராது.

எனக்கு இது கூடுதலா உதவினது பழைய படம் கொப்பி எடுக்கத்தான். 95ல யாழ்ப்பாணத்தில இருந்து இடம்பெயரேக்க அம்மா சேலைக்குள்ள சுத்திக் கொண்டு வந்தது 11 படம், மிச்ச அல்பம் எல்லாம் வீட்டோட போயிட்டுது. அதில ஒண்டு அம்மப்பாவும் அம்மம்மாவும் கலியாணம் முடிச்ச கையோட ஸ்ரூடியோவில நிண்டு எடுத்த கறுப்பு வெள்ளை, உள்ளங்கையளவுதான் இருக்கும். சொந்தக்காரர் எல்லாரும் ஃபோனால எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பி அனுப்பி வைச்சிருந்தவை, மேல பல்ப் வெளிச்சம் பளீரெண்டு விழுந்து, ஓரமெல்லாம் வளைஞ்சு, முகமே விளங்காது.

நான் படத்தை மேசையில வைச்சு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மேசை லாம்பு 45 பாகை சரிவில, ட்ரைபொட்டில கமராவைக் கீழ பாக்கக் கட்டி எடுத்தன். கமரா நேரா நிக்குதா எண்டு பாக்க ஒரு சின்ன வழி இருக்கு, படம் வைக்கிற இடத்தில முகம் பாக்கிற கண்ணாடியை வைச்சு வியூஃபைண்டரால பாருங்கோ, லென்ஸின்ர விம்பம் நட்ட நடுவில தெரிஞ்சா நேர். பிறகு வெளிச்சம் வாற துவாரம் எஃப்8, சென்சரின்ர உணர்திறன் ஐஎஸ்ஓ 100, ரெண்டு செக்கன் டைமர். மேக்ரோ லென்ஸுகள் தட்டையான பொருளை மூலைக்கு மூலை ஒரே கூர்மையா எடுக்கிற மாதிரித்தான் செய்யிறவை, இந்த வேலைக்கு அதுதான் முக்கியம்.

கொம்பியூட்டரில பெருப்பிச்சுப் பாக்கேக்க, அம்மப்பான்ர புருவத்தில ஸ்ரூடியோக்காரர் பென்சிலால தொட்டுக் கீறின கோடு தெரிஞ்சுது. அம்மம்மான்ர அட்டியலில இடப்பக்கம் ஒரு கல்லு இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினன், கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, "கல்லு விழுந்தது பெரியம்மான்ர அட்டியல், அப்ப அண்டைக்கு இரவல் வாங்கித்தான் போட்டிருக்கிறா" எண்டு சொன்னா. அவ்வளவு வருசமா அந்தப் படத்தை வைச்சிருந்தவவுக்கே அது அண்டைக்குத்தான் தெரியும்.

நெகட்டிவும் அப்பிடித்தான். 35 எம்எம் நெகட்டிவ் 36க்கு 24 மில்லிமீட்டர், ஃபுல் ஃப்ரேம் சென்சரும் அதே அளவு, அதால 1:1ல, அதாவது பொருள் இருக்கிற அதே அளவில சென்சரில விழுற மாதிரி வைச்சா, அப்பிடியே நிறைஞ்சு வரும், கிராப் எண்டா கொஞ்சம் தள்ளி நிக்கோணும். டப்லட்டில வெள்ளைத் திரையைப் போட்டு நெகட்டிவை அதுக்கு மேல ரெண்டு மூண்டு விரல் உயரத்தில பிடிக்கோணும், திரையோட ஒட்டினா புள்ளி புள்ளியா விழும். கலர் நெகட்டிவில இருக்கிற செம்மஞ்சள் சாயத்தைப் பிறகு சொஃப்ட்வெயரில எடுக்கலாம்.

ஆக்களை எடுக்க நல்லது, ஆனா கிராப்பில 100 எண்டது 160 எம்எம் மாதிரி ஒடுக்கமாத்தான் தெரியும், எங்கட ஃப்ளாட் ஹோலில சுவரோட முதுகு முட்டும் வரைக்கும் போனாலும் முழு ஆள் வராது. நெஞ்சுக்கு மேல எடுக்க வடிவு. கலியாண வீட்டில தாலிக்கொடி, கூறையின்ர கரை, மருதாணிக் கை, பலகாரத் தட்டு எல்லாம் இதாலதான், குறூப் போட்டோவுக்கு மட்டும் உதவாது. போகஸ் அங்கயும் இங்கயும் தேடி அலையும், லென்ஸின்ர பக்கத்தில இருக்கிற போகஸ் தூரச் சுவிட்சை அரை மீட்டரில இருந்து முடிவிலிக்குத் தட்டிவிடுங்கோ, பாதி ஆக்கினை குறையும்.

செட்டியார் தெருவில நகைக்கடை வைச்சிருக்கிற சிநேகிதனுக்கு மோதிரம் எடுத்துக் குடுத்தனான். 1:1ல எஃப்8 வைச்சாலும் கூர்மையா வாறது ஒரு மில்லிமீட்டர் கூட இராது, கல்லு தெளிஞ்சா வளையம் மங்கும், அதால போகஸை மாத்தி மாத்தி பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து ஒண்டாச் சேர்க்கோணும். அவ்வளவு கிட்டப் போனா எஃப்2.8 எண்டு காட்டினாலும் உள்ள வாற வெளிச்சம் குறைஞ்சு கிட்டத்தட்ட எஃப்5.6 அளவுதான். கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசரும் அங்க பெரிசா கை குடுக்காது, கெனன் சொல்லுறதே தூரத்தில 4 ஸ்டொப் (ஒரு ஸ்டொப் எண்டா ஷட்டர் நேரம் ரெண்டு மடங்கு), 1:1ல 2 ஸ்டொப் எண்டுதான்.

பூச்சியும் எடுங்கோ, ஏன் விடுவான். தலவத்துகொட தியசரு பார்க்குக்கு விடியக்காத்தால போனா தும்பி பறக்காம புல்லோட ஒட்டிக் கொண்டிருக்கும், வெயில் ஏறினா பிடிக்கேலாது.

60 எம்எம் மேக்ரோவோ 100ஓ எண்டும் கேட்டிருந்தீங்கள். கிராப் பொடியும் சின்ன வீடும் எண்டா 60, ஆளுக்கும் சாப்பாட்டுக்கும் கொப்பிக்கும் போதும். பூச்சிதான் முக்கியம் எண்டா 100, 60ஓட அவ்வளவு கிட்டப் போனா பறந்திடும். பழசு வாங்கிறதெண்டா டோர்ச் அடிச்சு உள்கண்ணாடியைப் பாருங்கோ, கொழும்பு ஈரத்துக்கு பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரிப் படர்ந்திருக்கும், அப்பிடி இருந்தா என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.