டிஷ்ஷைத் தொட்டால் சுள்ளென்கிறது!

கேள்வி: எங்களுடையது தட்டு வீடு. உடுப்புக் காயப்போடப் போகும் மாமிக்கு டிஷ் கம்பத்தில் கை பட்டால் சுள்ளென்று இழுக்கிறதாம். டிஷ்ஷுக்கு நேர் கீழே புதிதாக ஒரு ஏர்த் கம்பி அடித்தால் சரி என்கிறார் தெரிந்த தம்பி. அடிக்கலாமா?
- வாசகி, சாம்பல்தீவு

பதில்: பொறுங்கள் தங்கச்சி. முதலில் மாமியைக் கம்பத்தின் பக்கம் போகவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டிஷ்ஷின் மூக்குக்கு (முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பிக்கு) டிகோடர் அனுப்புவது 13 அல்லது 18 வோல்ட்தான். அதில் ஷொக் அடிக்காது. இரண்டு கால் பிளக் உள்ள டிகோடருக்கும் டிவிக்கும் ஏர்த் கிடையாது. அவற்றில் கசியும் துளிக் கரண்ட் கேபிளின் வெளிப்பின்னலைப் பிடித்து மேலே ஏறும். ஈரக் கை, வெறுங்கால் என்றால் உறைக்கும். இது மட்டும்தான் என்றால் பயமில்லை. ஆனால் உரிந்த வயர் ஒன்று கம்பத்தில் பட்டிருந்தாலும் மாமிக்கு முதலில் தெரிவது அதே சுள்தான். அங்கே நிற்பது 230 வோல்ட். டெஸ்டர் இரண்டுக்கும் எரியும், அதை நம்பாதீர்கள். டிகோடர், டிவி பிளக்குகளைக் கழற்றிவிட்டு வயர்மனை மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் கரண்ட் காட்டினால் பழுது வயரிங்கில்.

இனி அந்தத் தம்பியின் யோசனை. வீட்டு ஏர்த் ஒரு மூலை, டிஷ் ஏர்த் இன்னொரு மூலை என்று தனித்தனியாக இருந்தால், கிட்டத்தில் இடி விழும்போது இரண்டுக்கும் இடையே பல்லாயிரம் வோல்ட் வித்தியாசம் வரும். அது ஓடுவதற்குக் கிடைக்கும் பாதை உங்கள் கேபிளும் டிவியும்தான். அதனால் கம்பத்தை வீட்டின் பிரதான ஏர்த்தோடேயே சேர்க்க வேண்டும். சர்வதேச விதி கேட்பது 16 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி. சுற்றி வளைக்காமல் நேராக இறக்குங்கள். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில், அதன் வெளிப்பின்னலை ஏர்த்தோடு இணைக்கும் ஒரு ஏர்த் பிளொக், அதற்கு 4 சதுர மில்லிமீற்றர் பச்சை-மஞ்சள் வயர். நம் கடற்காற்றுக்கு இரும்புக் கிளிப் தாக்குப்பிடிக்காது, பித்தளையே வாங்குங்கள். மாரிக்கு முன்னர் வருடாவருடம் கிளிப்பைப் பார்ப்பதும் நல்லது.

என்னைக் கேட்டால், டிஷ்ஷை இறக்கிச் சுவரில் பூட்டுவது மலிவு. கூரை விளிம்புக்கு 2 மீற்றருக்கும் அதிகமாகக் கீழேயும், சுவரிலிருந்து 1.5 மீற்றருக்குள்ளும் இருந்தால் கம்பத்துக்கு அந்த ஏர்த் கம்பி கட்டாயமில்லை என்கிறது அதே விதி. மாமியின் கொடியும் தப்பும்!

கேள்வி: ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அமுக்கினால் உடனே விழுகிறது. அப்படியென்றால் ஏர்த் நல்லதுதானே?
- வாசகர், உப்புவெளி

பதில்: இல்லை. அந்தப் பொத்தான் சுவிட்சை மட்டும்தான் சோதிக்கும். ஏர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் விழும். ஏர்த்தை அதற்குரிய மீற்றரால்தான் அளக்க வேண்டும், அதுவும் மணல் காய்ந்திருக்கும் ஆவணியில்.