நாற்று ஏன் நூலாகிறது?

கேள்வி: தக்காளி விதையைக் குழித்தட்டில் போட்டு வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தேன். பத்தே நாளில் நாற்று நூல் போல நீண்டு, ஜன்னல் பக்கமே சாய்ந்து படுத்துவிட்டது. உரம் போதவில்லையா?

பதில்: போதாதது வெளிச்சம். இப்போது யூரியா கரைத்து ஊற்றினால் தண்டு இன்னும் மெலியும்.

இளந்தண்டு நீள்வது பெரும்பாலும் இருக்கிற செல்கள் நீள்வதால்தான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தண்ணீர், கார் டயரை மிஞ்சும் அழுத்தத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது செல்லுலோஸ் இழைகள் ஓடும் செல்சுவர். ஆக்சின் என்ற ஹார்மோன் வந்ததும் செல், அமிலத்தைச் சுவருக்குள் தள்ளும். அங்கே பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-க்குப் பக்கம் இறங்கியதும் எக்ஸ்பான்சின் என்ற புரதம் வேலையைத் தொடங்கும். 1992-ல் வெள்ளரி நாற்றின் தண்டில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். இது இழைகளை அறுப்பதில்லை, அவற்றுக்கு இடையிலுள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது, அவ்வளவே. சுவர் இளக, தண்ணீர் புக, செல் நீள்கிறது. நிழல் பக்கத்தில் ஆக்சின் கூடுதலாகச் சேர்வதால் அந்தப் பக்கம் அதிகம் நீண்டு, தண்டு ஜன்னலை நோக்கி வளைகிறது.

நல்ல வெளிச்சம் பட்டால் இந்த நீட்சி அடங்கும். எனவே முளை தலைகாட்டிய அன்றே பாலித்தீன் மூடியை எடுத்துவிட்டு, தட்டை 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். ‘இன்னும் ரெண்டு நாள் மூடியிருக்கட்டுமே’ என்று விடுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். படுத்த நாற்றை வீச வேண்டாம். வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இலை) வரை மண்ணில் புதைத்து நட்டால் புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாயில் இது அவ்வளவாகப் பலிக்காது. தினமும் இலையில் ஈரம் காய்ந்த பிறகு ஓர் அட்டையால் நுனிகளைப் பத்து இருபது முறை மெல்லத் தடவிவிடுங்கள், தண்டு குட்டையாகத் திடப்படும்.

கேள்வி: ஜிப்ரெல்லிக் அமிலம் தெளித்தால் நாற்று மளமளவென வளருமாமே?

பதில்: வளரும், சிக்கலே அதுதான். நெல் நாற்று வெளிறி, நெடுநெடுவென ஓங்கிச் சாயும் நோயை ஜப்பானில் ‘பக்கானே’, அதாவது முட்டாள் நாற்று என்பார்கள். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று 1926-ல் குரோசாவா என்ற விஞ்ஞானி காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரெல்லின், நீங்கள் கேட்கும் ஜிப்ரெல்லிக் அமிலம் அதில் ஒரு வகை. பெயரே அந்தப் பூஞ்சையிடமிருந்து வந்தது. நாற்றங்காலில் அதைத் தெளிப்பது, அந்தக் கோலத்தைக் காசு கொடுத்து வாங்குவதுதான்.

கேள்வி: பள்ளி செல்லும் மகளுக்கு இதையெல்லாம் வீட்டில் காட்ட முடியுமா?

பதில்: பாசிப்பயறு போதும். 8 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் வையுங்கள். முளைத்ததை, ஈரத்துணி விரித்த இரண்டு பெரிய டப்பாக்களில் சமமாகப் பரப்பி, ஒன்றில் மட்டும் ஒரு வாழைப்பழம் வைத்து, இரண்டையும் மூடி 3 நாள் இருட்டில் விடுங்கள். சின்ன டப்பாவானால் காற்று போதாமல் பயறு அழுகும். பழம் இருந்த டப்பாவில் தண்டு குட்டையாக, தடித்து, தலை சுருண்டிருக்கும். பழம் விடும் எத்திலீன்தான் காரணம். பீப்பாய்க்குப் பட்டை போட்டது போலச் செல்லைச் சுற்றிக் குறுக்கே ஓடும் இழைகள், எத்திலீன் பட்டால் நெடுக்காகப் படியும். பட்டை இறுக்காத செல் பக்கவாட்டில் உப்பும். காய்வெட்டான பழம் உதவாது, தோலில் கரும்புள்ளி விழுந்ததாகப் பார்த்து வையுங்கள்.