திரையும் பிள்ளைகளின் படிப்பும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு ஒன்பது மாதம். வேற்றுமொழிப் பாட்டு வீடியோ தினமும் போட்டால் அந்த மொழி காதில் ஏறுமா?

ஏறாது. 2003-இல் குழந்தைகளின் மொழித்திறனை ஆராயும் பாட்ரிசியா கூல் குழுவினர் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் இதைத்தான் சோதித்தார்கள். நேரில் உட்கார்ந்து ஒருவர் மாண்டரின் சீனத்தில் பேசி விளையாடினார். 12 அமர்வுகளில் குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதையே திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. பாப்பா 'ஊ' என்றால் நீங்கள் பதிலுக்கு 'ஊ' என்கிறீர்களே, வீடியோ அதைச் செய்யாது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

கேள்வி: பதினாறு வயது மகன் சாட்ஜிபிடியை வைத்துக் கணக்கு போடுகிறான். வீட்டுப்பாடம் எல்லாம் சரி, தேர்வில் சறுக்குகிறான். பிடுங்கி வைத்துவிடட்டுமா?

பிடுங்குவதற்கு முன், அவன் அதனிடம் என்ன கேட்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு உங்கள் வீட்டுக் கதையேதான். சாதாரண ஏஐ உதவி கிடைத்தவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் மேலே போனார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, ஏஐயைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் கீழே இறங்கினார்கள். விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த ஏஐயில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

திணறுகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் கணக்கு மண்டையில் ஏறுகிறது. அதை ஏஐ எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு என்ன மிச்சம்? முதலில் தாளில் அவனே முயலட்டும். மாட்டிக்கொண்டால், "விடை வேண்டாம், அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு" என்று கேட்கட்டும். மறுநாள் அதே மாதிரி ஒரு கணக்கை உதவியில்லாமல் போட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: தாளில் படிப்பதா, டேப்லெட்டிலா?

கதை என்றால் எதில் வேண்டுமானாலும். பாடம் என்றால், அதுவும் நேரம் குறைவு என்றால், தாள். 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த முடிவு இது.

கேள்வி: கல்லூரி மாணவி நான். ஒரே பாட வீடியோவை நாலு தடவை பார்த்தும் மறந்துபோகிறது.

நாலாவது தடவை எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த உணர்வை நம்பாதீர்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு சுற்று படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒரு சுற்று படித்துவிட்டு மூன்று சுற்று பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம். அதனால் வீடியோவை ஒருமுறை பார்த்து மூடிவிட்டு, வெற்றுத்தாளில் ஞாபகம் வருவதை எழுதுங்கள். முதல் நாள் மூன்று வரிதான் வரும், பயப்பட வேண்டாம். அப்புறம், விட்டுப்போன இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள்.