பிரைட்டன் ஆல்பம்: போர்க்கால மருத்துவர் படங்களை லண்டனுக்கு அனுப்பலாமா?

கேள்வி: நான் மதுரையில் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர். போர்க்கால மருத்துவமனைகள், ராணுவ மருத்துவர்கள் இவர்களின் பழைய புகைப்படங்களை இருபது வருடமாகச் சேர்த்து வருகிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் 34 படங்கள் உள்ள ஆல்பத்தை ரூ.85,000-க்கு வாங்கினேன். 1915-ல் இங்கிலாந்தின் பிரைட்டனில் இந்தியச் சிப்பாய்களுக்காக இயங்கிய மருத்துவமனையின் படங்கள். 'அனைத்தும் 1915-ஆம் ஆண்டு அசல்' என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். அதில் ஆறு படங்கள் பிற்காலப் பிரதியோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. வேறு இரண்டு படங்களின் பின்பக்கம் ஒரு ராணுவ மருத்துவமனை நூலகத்தின் முத்திரை இருக்கிறது. படத்திலுள்ள ஒரு டாக்டரின் பேத்தி லண்டனிலிருந்து எழுதி, ஆல்பத்தை நல்ல விலைக்குக் கேட்கிறார். கூரியரில் அனுப்பலாமா? இவற்றை வைத்து ஒரு புத்தகம் போடவும் ஆசை.

பதில்: டாக்டர் சார், முதலில் ஒன்று, அந்த ஆல்பத்தைக் கூரியரில் போடாதீர்கள். பேத்தி வந்தால் கையில் கொடுத்து அனுப்பலாம் என்றும் நினைக்காதீர்கள். மற்றதெல்லாம் பொறுமையாகப் பேசலாம், இது மட்டும் நடந்துவிட்டால் திருப்ப முடியாது.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலானோர் அதைக் கோயில் சிலைகளுக்கான சட்டம் என்றே நினைக்கிறார்கள். ஆனால் தொல்பொருள் என்றால் என்ன என்று அது சொல்லும் விளக்கத்தைப் படித்தால், நூறு வருடத்துக்குக் குறையாத வயதுள்ள, 'வரலாற்று முக்கியத்துவம் உள்ள எந்தப் பொருளும்' உள்ளே வந்துவிடும். அறிவியல், கலை, பழக்கவழக்கங்களைக் காட்டும் பொருள் என்றாலும் வரும். ஆவணம் என்று கொண்டால் நூறு வருடம்கூட வேண்டாம், 75 வருடமே போதும், அதாவது உங்களிடம் இரண்டாம் உலகப் போர் காலத்துப் படங்கள் இருந்தால் அவற்றின் மேலும் கேள்வி வரலாம். 1915-ல் அச்சிட்ட படம் நூறைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது.

அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, மத்திய அரசும் அது அதிகாரம் கொடுத்த அமைப்பும் தவிர வேறு யாரும் தொல்பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்கிறது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, கூடவே அபராதம். 'ஓல்டு பேப்பர்ஸ்' என்று எழுதி அனுப்பிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு, நிச்சயம் உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். அப்படிப் பொய்யாக எழுதினால் சுங்கச் சட்டத்தின் 114ஏஏ பிரிவில் பொருளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை தனியாக அபராதம் போட முடியும்.

'படம் எடுத்ததே இங்கிலாந்தில்தானே, அவர்கள் ஊர்ப் பொருள் அவர்கள் ஊருக்குப் போகிறது' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் சட்டத்தின் விளக்கத்தில் பொருள் எந்த நாட்டில் உண்டானது என்ற நிபந்தனையே கிடையாது. இப்போது இந்தியாவில் இருக்கிறதா, வயது ஆகிவிட்டதா, அவ்வளவுதான் கேள்வி. அப்புறம் இந்த ஆல்பம் நமக்கு அந்நியமும் இல்லை. 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை பிரைட்டனின் ராயல் பெவிலியன் அரண்மனை 700-க்கும் மேற்பட்ட படுக்கைகளோடு நம் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக இருந்தது, மதத்துக்கும் சாதிக்கும் ஏற்பத் தனித்தனிச் சமையலறைகள் வைத்து. 1915 ஆகஸ்டில் மீர் தஸ்த் என்ற ஜமேதாருக்கு (இந்தியப் படையின் இளநிலை அதிகாரி) ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் விக்டோரியா கிராஸ் பதக்கம் அணிவித்தது அந்த வளாகத்தில்தான். பிழைக்காமல் போன இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் எரியூட்டிய இடத்தில் இன்றும் சத்ரி என்ற நினைவு மண்டபம் நிற்கிறது. இதெல்லாம் வரலாற்று முக்கியத்துவம் இல்லாதது என்று எந்த அதிகாரியிடமும் வாதாட எனக்கு மனம் வராது, வாதாடினாலும் நிற்காது.

நாட்டுக்குள் விற்கத் தடை இல்லை. தொழிலாக விற்பவர்களுக்குத்தான் 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும், ஒருமுறை விற்பதற்கு வேண்டாம். சிற்பம், ஓவியம், சித்திரச் சுவடிகளுக்குச் சொல்லப்பட்ட கட்டாயப் பதிவு புகைப்படத்துக்கு இல்லை.

இனி அந்த ஆறு படங்கள். சட்டம் வயதைக் கணக்கிடுவது உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு, படம் எடுத்த நாளுக்கு அல்ல. 1915 நெகட்டிவிலிருந்து 1970-ல் போட்ட பிரிண்ட்டுக்கு வயது ஐம்பத்துச் சொச்சம்தான். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள். 1950-களுக்குப் பிறகு வந்த புகைப்படத் தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்தார்கள், அது நீலமாக ஒளிரும், 1915 தாள் அப்படி ஒளிராது. ஒளிராத பிற்காலத் தாளும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து அசல் என்று முடிவு கட்ட வேண்டாம். பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது. அதை வைத்து மட்டும் பிற்காலம் என்று சொல்ல முடியாது, பிரைட்டன் மருத்துவமனையை அந்தக் காலத்திலேயே தபால் அட்டைகளாக அச்சிட்டு விற்றிருக்கிறார்கள்.

பிரதி என்று உறுதியானால் வியாபாரியிடம் பணத்தைக் கேட்கலாம். பில்லில் சொன்ன வர்ணனைக்குப் பொருள் பொருந்தவில்லை, அது போதும். முதலில் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ், பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு வருடக் கெடு, உங்களுக்கு மீதி ஆறு மாதம். இன்னொன்றும் கவனியுங்கள்: மறுவிற்பனைக்காக வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் இல்லை. லண்டனுக்கு நீங்கள் எழுதும் கடிதங்களில் விலை பேரம் நீண்டுகொண்டே போனால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். பேரத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

எனக்குக் கவலை தருவது முத்திரை உள்ள இரண்டு படங்கள்தான். நூலகம் கழித்துப்போட்டதாக இருக்கலாம், எவரோ கிழித்து எடுத்ததாகவும் இருக்கலாம். திருட்டுப் பொருள் என்றால், நீங்கள் எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் உங்களுக்கு உரிமை வராது, விற்றவருக்கே இல்லாத உரிமையை அவர் எப்படிக் கொடுக்க முடியும்? தெரியாமல் வாங்கியது குற்றமில்லை. தெரிந்த பிறகும், அல்லது சந்தேகப்படக் காரணம் இருந்தும், நேர்மையில்லாமல் வைத்துக்கொள்வது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். காலம் ஓடிவிட்டது என்ற வாதமும் உதவாது. திருடுபோன பொருளை மீட்கும் வழக்குக்கு, அது யாரிடம் இருக்கிறது என்று உரிமையாளருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் கெடு ஓடத் தொடங்கும், மத்திய அரசு வழக்குப் போட்டால் அந்தக் கெடு முப்பது வருடம். ஆகவே அந்த நூலகத்துக்கு முத்திரையின் படத்தோடு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். கழித்த பதிவு இருந்தால் நகல் வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் அந்த இரண்டையும் திருப்பிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். விலையை வியாபாரியிடம் கேட்போம். பதில் வரும்வரை அந்த இரண்டையும் யாருக்கும் விற்க வேண்டாம்.

புத்தகம் தாராளமாகப் போடுங்கள். அன்றே தபால் அட்டையாகவோ நூலிலோ வெளியான படங்களுக்கு இங்கே பதிப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டது. எங்கும் வெளியாகாத, யாரோ சொந்தமாக எடுத்த படங்களை மட்டும் சேர்ப்பதற்கு முன் எனக்குக் காட்டுங்கள். படம் உள்ள தாளை வாங்கியதால் பதிப்புரிமையும் கூடவே வந்துவிடாது. கட்டுப்போட்ட சிப்பாய்களின் அந்தரங்கம் பற்றி யாராவது கேட்டால், அந்தரங்க உரிமை வாரிசுகளுக்குப் போவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் ஒரு வேண்டுகோள்: இந்த மாதிரிப் படங்களில் டாக்டரின் பெயர் கீழே இருக்கும், படுத்திருப்பவர் பெயர் இருக்காது. பின்பக்கத்தில் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால், அதைத் தேடி அச்சிடுங்கள்.

பேத்திக்கு என்ன பதில் சொல்வது? தாத்தா இருக்கும் படங்களை நல்ல தரத்தில் ஸ்கேன் எடுத்து இன்றைக்கே அனுப்புங்கள், அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அப்புறம் அந்த ஆறு பிரதிகளில் அவர் தாத்தா இருக்கிறாரா பாருங்கள். இருந்தால், அதைச் சென்னை ஜார்ஜ் கோட்டையிலுள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்த பிறகு கூரியரில் போடலாம். ஆனால் நோட்டீஸ் அனுப்பி, வியாபாரியோடு கணக்கைத் தீர்த்த பிறகு. பிரதிதான் உங்கள் வழக்குக்குச் சாட்சி.