பதில்: மகன் பையில் டேபென்டடால் அட்டை, "டாக்டர் எழுதுற மாத்திரைதானே" என்கிறான்

சார், அது பாரசிட்டமால் மாதிரி இல்லை. மார்ஃபின் வகை வலிநிவாரணி. அளவு மீறினாலோ, மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தாலோ மூச்சு அடங்கும். வலிப்பும் வரலாம்.

முதலில் கையின் உட்புறத்தில் ஊசித் தழும்பு இருக்கிறதா பாருங்கள். மாத்திரையைக் கரைத்து ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது. அதில் சேர்க்கப்பட்டுள்ள டால்க் என்ற தூள் கரையாது, நுரையீரல் ரத்தக்குழாயில் போய் அடைக்கும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் தேவை.

கடையில் விற்கும், சிறுநீரில் போதைப்பொருளைச் சோதிக்கும் கிட்டை நம்பாதீர்கள். மார்ஃபின் போன்றவற்றைக் காட்டும் சாதாரண ஓபியேட் சோதனைப் பட்டையில் டேபென்டடால் பெரும்பாலும் தெரியாது.

அறையில் பூட்டி வைத்து நிறுத்த முயல வேண்டாம். உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை தாங்காமல் திரும்பப் போவான். இடைவெளிக்குப் பின் பழைய அளவையே எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது போதை மீட்பு உதவி எண் 14446க்குப் பேசுங்கள். எழுப்பியும் எழாமல், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, உதடு நீலமானால் உடனே 108.